பெட்டியில் எழுதிய பெருக்கம்

பிள்ளைகளுக்கு வானத்தைக் காட்ட விரும்பும் பெற்றோர், தொலைகாட்டிப் பெட்டியின் மேல் '525 மடங்கு பெருக்கும்' என்று கொட்டை எழுத்தில் கண்டால், அதனை வாங்காது திரும்புதலே நன்று. தொலைகாட்டியின் வலிமை பெருக்கத்தில் இல்லை. ஒளியைத் திரட்டும் முன்வில்லையின் அகலத்திலேயே உள்ளது. 60 மில்லிமீற்றர் வில்லை ஏறத்தாழ 120 மடங்கு வரையே தெளிவு தரும். அதற்கு மேற் பெருக்கினால் சனியின் வளையமும் புகையாய் மங்கும். 1610ஆம் ஆண்டில் கலிலியோ வியாழனின் நான்கு சந்திரர்களைக் கண்டது ஏறக்குறைய 20 மடங்குக் கருவியாலேயாம். இதனை விற்பவர் சொல்லார்!

முக்காலியையும் தொட்டுப் பாருங்கள். விரல் பட்டதும் குழாய் நடுங்குமாயின், வியாழன் கண்முன் நில்லாது கூத்தாடும். இரண்டு இரவு முயன்ற சிறுவன், வானத்தில் ஒன்றுமே இல்லையென்று எண்ணி, மூன்றாம் நாள் அதனை அலுமாரியின் மேல் ஏற்றிவிடுவான்.

சூரியனைப் பார்க்கவென்று பார்வைத்துண்டில் திருகும் கறுப்புக் கண்ணாடி சில பெட்டிகளில் இருப்பதுண்டு. குவிந்த வெப்பத்தால் அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெடிக்கலாம், கண் பறிபோகும். அதனைப் பிள்ளைகளின் கையில் கொடாது எறிந்துவிடுங்கள்.

சிறு தொகையே கையிலிருப்பின், 7 மடங்கு பெருக்கும் 50 மில்லிமீற்றர் இருகண் தொலைகாட்டியை வாங்கலாம். மதிலில் முழங்கையை ஊன்றிப் பார்த்தால், நிலவின் பெருங்குழிகளும், கார்த்திகை மீன்களும், கலிலியோ கண்ட அந்தச் சந்திரர்களுங்கூடத் தெரியும்.