களி கிண்டியவனுக்கு 20 வருடக் காப்புரிமையா?



பல் வைத்தியம் செய்துகொண்ட பழைய மாணவன் ஒருவன் போனில் கேட்டான்: "சார், பல் கட்டுறதுக்குத் தாடையில எலும்புத் தூள் வச்சாங்க. இதுக்கெல்லாமா பேடண்ட் இருக்கும்?"

சிலவற்றுக்கு உண்டு தம்பி. வழக்கே நடந்திருக்கிறது.

1965-ல் மார்ஷல் யூரிஸ்ட் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர், தாது உப்பை நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்துப் பார்த்தார். எலும்பே இல்லாத இடத்தில் புது எலும்பு வளர்ந்தது. அது கண்டுபிடிப்பு, கையெடுத்துக் கும்பிடுகிறேன். பின்னாளில் ஆஸ்டியோடெக் என்ற நிறுவனம் அப்படிப்பட்ட எலும்புத் தூளைக் கிளிசரினில் குழைத்து, மருத்துவரின் கைக்கு வாகாக்கி, 1991-ல் காப்புரிமை வாங்கியது. ஜென்சை என்ற நிறுவனத்தோடு வழக்கு. 2001-ல் ஜூரி ஆஸ்டியோடெக் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

கேழ்வரகு மாவும் தெரியும், கொதிக்கிற தண்ணீரும் தெரியும். இரண்டையும் சேர்த்துக் களி கிண்டியவனுக்கு 20 வருட ஏகபோகமா? சேர்த்ததில் யாரும் எதிர்பாராத பலன் வந்தால் கொடுக்கலாம். துறை தெரிந்தவருக்கு அது வெளிப்படை என்றால் கொடுக்கக் கூடாது. நம் சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

ஆனால் அது வெளிப்படைதான் என்று எழுந்து சொல்வது யார்? அந்த வழக்கில் மோதியவை இரண்டு கம்பெனிகள். தூளை உடம்பில் வாங்கிக்கொண்ட நோயாளிக்கு அங்கே நாற்காலி இல்லை.

நம் நாட்டில் உண்டு. காப்புரிமைச் சட்டம் 25(1) பிரிவின்படி, காப்புரிமை கொடுப்பதற்கு முன்பே யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். காசநோய் மருந்தின் பக்கவிளைவால் காது கேட்காமல் போன மும்பையின் நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் பூமேசா டிசிலேவும் 2019-ல் அதைத்தான் செய்தார்கள். பெடாகுவிலின் என்ற மருந்தின் ஒரு உப்பு வடிவத்துக்கு ஜான்சன் அண்ட் ஜான்சன் கேட்ட காப்புரிமை, 2023 மார்ச்சில் நிராகரிக்கப்பட்டது. கொடுத்திருந்தால் ஏகபோகம் 2027 வரை நீண்டிருக்கும்.

2024-ல் விதியைத் திருத்தியிருக்கிறார்கள். ஆட்சேபணையை ஏற்று விசாரிக்கலாமா என்பதையே அதிகாரி முதலில் முடிவு செய்வாராம். வேண்டுமென்றே இழுத்தடிப்பவர்களைத் தடுக்கத்தான் என்கிறார்கள். இழுத்தடிப்பவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அவர்களை விசாரணையில் தோற்கடியுங்கள். அதற்காக வாசலிலேயே ஆள் நிறுத்தினால், வக்கீல் வைக்க வசதியில்லாத நோயாளிதான் முதலில் திரும்பிப் போவார்.

"இது எனக்கே தெரியுமே சார்" என்று வகுப்பில் கை தூக்கியவனை நான் உட்காரச் சொன்னதில்லை. "எப்படித் தெரியும், சொல்லு" என்றுதான் கேட்டிருக்கிறேன். காப்புரிமை அலுவலகத்திடமும் அதையே எதிர்பார்க்கிறேன்.

உங்களில் டாக்டர்கள், மருந்தாளுநர்கள், வக்கீல்கள் இருக்கிறீர்கள். காப்புரிமை அலுவலக இதழ் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இணையத்தில் வருகிறது. உங்கள் துறைப் பக்கங்களையாவது புரட்டுங்கள். தெரிந்த களியை யாராவது புதிது என்றால், கை தூக்குங்கள்.