கைதிகள் வெட்டிய சாலையில் சைக்கிள்

அந்தமானின் பழைய சாலைகள் எதுவும் ஊர் பார்ப்பதற்காகப் போடப்பட்டவை அல்ல. 1858 மார்ச்சில் ஜே.பி. வாக்கர் 200 கைதிகளோடு போர்ட் பிளேரில் வந்து இறங்கியபோது அங்கே காடும் சதுப்பும்தான் இருந்தன. முந்தைய ஆண்டின் எழுச்சியில் பிடிபட்டவர்கள் விலங்கு பூட்டிய காலோடு மரம் வெட்டினார்கள், சதுப்பைத் தூர்த்தார்கள். தப்பியோடிப் பிடிபட்டவர்களில் 80-க்கும் மேற்பட்டோரை வாக்கர் ஒரே நாளில் தூக்கிலிட்டார். காய்ச்சலில் செத்தவர்கள் தனிக் கணக்கு. இன்றைக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியிருக்கும் அந்த நகரத்தின் ஏற்ற இறக்கங்களில் சைக்கிள் மிதிக்கிறவர், அந்த மனிதர்கள் தொடங்கிவைத்த வேலையின் மேல்தான் போகிறார்.

காரில் போனால் இது எதுவும் தெரியாது. மேடு மேடாகத் தெரியாது, ஊர் ஊராகப் பதியாது. சைக்கிளின் வேகம்தான் இந்தத் தீவுக்குச் சரியான வேகம் என்பது என் உறுதியான எண்ணம்.

ஜங்லிகாட்டுக்குப் பக்கத்தில், தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழும் டெய்ரி ஃபார்மிலிருந்து கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். கிளம்ப வேண்டியது ஐந்து மணிக்கு. தீவுகள் கிட்டத்தட்ட 93 டிகிரி கிழக்கில் கிடக்கின்றன. கடிகாரமோ மெயின்லேண்டின் கடிகாரம். அதனால் சென்னை விழிப்பதற்கு வெகு முன்பே இங்கே வெளுத்துவிடும். டிசம்பரில் மாலை ஐந்தரைக்கு இருட்டிவிடும். மே தொடங்கி நவம்பர் வரைக்கும் மழை ஓயாது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

தெற்கே சிடியாடாப்பு வரை சுமார் 25 கிலோமீட்டர். கலிக்கட், பர்மாநாலா, ரங்கசாங், கோடியாகாட் என்று ஊர்கள் வரும். இடது கைப் பக்கம் கடல் கூடவே வரும். 1921 மலபார்க் கலகத்துக்குப் பிறகு நாடுகடத்தப்பட்ட மாப்பிளமார் தங்கள் ஊர்ப் பெயர்களையும் கொண்டுவந்தார்கள். கலிக்கட் அப்படி வந்தது. தீவின் மேற்குக் கரையில் வண்டூரும் மஞ்சேரியும் அப்படித்தான். பிறந்த மண்ணுக்குத் திரும்ப முடியாதவர்கள் அதன் பெயரையாவது வாசலில் நட்டுவைத்தார்கள். நாட்டுப் பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்காளத்து அகதிகள் வந்தார்கள். சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட தமிழர்கள் சிலர் நிக்கோபாரின் கச்சால் ரப்பர் தோட்டத்துக்கு வந்தார்கள். தானாக விரும்பி வந்தவர்களை விட, வேறு போக்கிடம் இல்லாமல் வந்தவர்களின் கதைகள்தான் இந்தத் தீவுகளில் கனமானவை.

நகரத்தின் கிழக்கே கார்பின்ஸ் கோவ் கடற்கரைக்குப் போகும் சாலையில் இன்னொரு காலம் நிற்கிறது. 1942 மார்ச் 23 அன்று ஜப்பானியப் படை இங்கே இறங்கியது. கடலை நோக்கி அவர்கள் கட்டிய காங்கிரீட் பதுங்கு குழிகள் சாலையோரத்தில் இன்னும் இருக்கின்றன. அதே போரில், அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், ஜப்பானியச் சிப்பாய்கள் சைக்கிளிலேயே மலாயாவின் நீளத்தைக் கடந்து சிங்கப்பூரை எட்டியிருந்தார்கள். உலகம் சுற்றிப் பார்க்க 1923-இல் பம்பாயிலிருந்து பார்ஸி இளைஞர்கள் கிளம்பியதும் இதே இரண்டு சக்கரத்தில்தான்.

கராச்சரமா தாண்டி மேற்கே திரும்பினால் சிப்பிகாட். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தென் அந்தமான் தரை சுமார் ஒரு மீட்டர் அமிழ்ந்தது. நெல் விளைந்த வயல்களுக்குள் கடல் புகுந்து அப்படியே தங்கிவிட்டது. அன்றைய சுனாமி அலையில் கார் நிக்கோபாரில் மரமேறி உயிர் பிழைத்த சிறுமி டெபோரா ஹெரால்டு, பின்னாளில் இந்தியாவின் முன்னணி டிராக் சைக்கிள் வீராங்கனை ஆனார். இதே தீவுகளின் சைக்கிள் வீரர் ஈசோ ஆல்பென் 2018-இல் சுவிட்சர்லாந்தின் ஏகிள் நகரில் ஜூனியர் உலகப் போட்டியில் வெள்ளி வென்றார்; அடுத்த ஆண்டு அவர் இருந்த அணி தங்கம் வென்றது. இத்தனை சிறிய தீவுக் கூட்டம் நாட்டுக்குக் கொடுத்தது இது. அப்படிப்பட்ட ஊரில் பள்ளிக்குப் போகும் பிள்ளை டூரிஸ்ட் கார்களுக்கு ஒதுங்கி, சாலையின் மண் ஓரத்தில் மிதிப்பது எனக்குப் பொறுக்கவில்லை. சிடியாடாப்புச் சாலையிலும் கார்பின்ஸ் கோவ் சாலையிலும் சைக்கிளுக்கென்று ஒரு கீற்றை ஒதுக்குவது பெரிய செலவல்ல. விடிந்ததிலிருந்து எட்டு மணி வரை சுற்றுலா வண்டிகளை நிறுத்திவைப்பது அதைவிடவும் எளிது.

ஆனால் எல்லாச் சாலையையும் சைக்கிளுக்குக் கேட்க எனக்கு மனம் இல்லை. வடக்கே அந்தமான் டிரங்க் ரோடு ஜிர்காடாங்கில் ஜாரவாப் பழங்குடிகளின் காட்டுக்குள் நுழைகிறது. அங்கிருந்து வண்டிகள் குறித்த நேரத்தில் காவலோடு வரிசையாகத்தான் போக வேண்டும். 1970-களில் அந்தச் சாலையை வெட்டியபோது ஜாரவாக்கள் அம்பால் எதிர்த்தார்கள். 1990-களின் இறுதியில்தான் அவர்கள் வெளியாரிடம் பகையின்றி வரத் தொடங்கினார்கள். உடனே தட்டம்மை வந்தது. 2002-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பகுதியில் சாலையை மூடச் சொன்னது. சாலை மூடப்படவில்லை. மெல்லப் போகிறவன் அதிகம் பார்க்கிறான், அதிகம் நின்று பேசுகிறான். மற்ற இடங்களில் சிறப்பான அந்தக் குணமே இந்தக் காட்டில் ஆபத்து. சில நூறு பேராக மிஞ்சியிருக்கும் மக்களின் வீட்டு வாசலில் நமக்குப் பயண உரிமை கிடையாது.

வடக்கைப் பார்க்க ஆசைப்படுகிறவருக்குக் கடல் இருக்கிறது. ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்து ரங்கத்துக்கும் டிக்ளிபூருக்கும் போகும் கப்பல்களில் சைக்கிள்களுக்கு முறையாக இடம் ஒதுக்கி, கட்டணத்தை எழுதி மாட்டட்டும். டிக்ளிபூரில் இறங்கியவர் காளிபூர்க் கடற்கரை வரை மிதிக்கலாம். ஆமைகள் முட்டையிட வரும் கரை அது; பக்கத்திலேயே 732 மீட்டர் உயரத்தில் சாடில் பீக்.