டாங்கிக்குள்ளே தேநீர்

சகோதரிகளே, போன தடவை வெயில் கால வியர்க்குருவுக்குக் கைவைத்தியம் எழுதியவள், இந்தத் தடவை யுத்த டாங்கியைப் பற்றி எழுத வந்துவிட்டாளே, இவளுக்கு என்ன ஆயிற்று என்று யோசிக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். இதுவும் வீட்டு விஷயம்தான்.

என் மகளுக்குப் பதினாறு வயது. ஒரு ஜப்பானியக் கார்ட்டூன் தொடரை விழுந்து விழுந்து பார்க்கிறாள். 'கேர்ள்ஸ் உண்ட் பன்ஸர்' என்று பெயர். 2012 அக்டோபரில் ஜப்பான் டெலிவிஷனில் வந்தது. கதை என்ன தெரியுமா? பள்ளிக்கூடப் பெண்கள் டாங்கி ஓட்டிப் போட்டி போடுகிறார்கள்! அந்தக் கற்பனை உலகத்தில், பூ அலங்காரம், தேநீர்ச் சடங்கு மாதிரி டாங்கி ஓட்டுவதும் பெண்களுக்கு உரிய ஒரு கலை. 'சென்ஷாடோ' என்கிறார்கள். நிஜ குண்டுதான் போடுகிறார்கள். ஆனால் ஒருத்திக்கும் ஒரு கீறல் விழாது. டாங்கிக்குள்ளே விசேஷப் பூச்சு இருக்கிறதாம். அடிபட்ட டாங்கியின் தலையில் 'டப்'பென்று ஒரு வெள்ளைக் கொடி எழும்பும். அவ்வளவுதான், அந்த டாங்கி ஆட்டத்தில் அவுட். பெண்கள் முகத்தில் கரியோடு சிரித்துக்கொண்டே இறங்கி வருவார்கள்.

எனக்கு எரிச்சலாக வந்தது. "யுத்தம் என்ன விளையாட்டுச் சாமானா? ஜனங்கள் செத்துப்போன வண்டியை வைத்துக்கொண்டு இப்படியா கூத்தடிப்பது?" என்று கத்தினேன். "நீங்க ஒரு நாள் முழுசா உட்கார்ந்து பார்த்துட்டுத் திட்டுங்கம்மா" என்றாள். நான் பார்க்கவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே!

சென்ற கோடை விடுமுறையில் இங்கிலாந்தில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். மகள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அரண்மனை வேண்டாம், கடை வேண்டாம், பாவிங்டன் டாங்கி மியூசியம் பார்க்க வேண்டும். டார்செட் மாவட்டத்தில் 'வூல்' என்று ஒரு சின்ன ஸ்டேஷன். அங்கே இறங்கிப் போக வேண்டும். சுமார் 300 வண்டிகள் இருக்கிற மியூசியம் அது. "சரி, நிஜத்தைப் பார்த்தால் புத்தி வரும்" என்று நானும் கிளம்பினேன்.

உள்ளே நுழைந்ததும் அவள் கால் தரையில் நிற்கவில்லை. "அம்மா, இது மட்டில்டா! இது சர்ச்சில்! தொடர்ல ஒரு ஸ்கூல் பொண்ணுங்க இதுலதான் வருவாங்க. வண்டி எவ்வளவு குலுங்கினாலும் கோப்பையிலிருந்து ஒரு சொட்டு டீ சிந்தாது" என்றாள். நான் அந்த மட்டில்டாவைச் சுற்றி வந்தேன். 27 டன் எடை, நாலு ஆட்கள், முன்பக்க இரும்பு மட்டும் 78 மில்லிமீட்டர் கனம். இரும்புச் சங்கிலிப் பட்டையில் தடதடவென்று ஓடுகிற இதற்குள்ளே கோப்பையும் சாஸருமா? சிரிப்புதான் வந்தது.

ஆனால் தேநீர் சமாசாரம் முழுப் பொய்யும் இல்லை. இரண்டாவது உலக யுத்தத்தில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் டீ போடுவதற்காக டாங்கியை விட்டு இறங்கி அடுப்பு மூட்டுவார்களாம். அப்படி வெளியே இறங்குவது ஆபத்து என்று, யுத்தம் முடிகிற சமயத்தில் வந்த 'செஞ்சூரியன்' டாங்கியிலிருந்து உள்ளேயே மின்சாரத்தில் வெந்நீர் கொதிக்கிற பாத்திரம் வைத்துவிட்டார்கள். ஒரு செஞ்சூரியனை நெடுக்குவாட்டில் இரண்டாக அறுத்து, உள்ளே யார் எங்கே உட்காருவார்கள் என்று தெரிகிற மாதிரி வைத்திருக்கிறார்கள். நம் ஸ்டோர் ரூம் அதைவிட விசாலம்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். டீ போடுவதற்கு அந்தச் சிப்பாய்கள் சொல்கிற அதே வார்த்தையைத்தான், ஒரு டாங்கி தீப்பிடித்து எரிந்துபோவதற்கும் சொல்வார்களாம். கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

பிறகு ஜெர்மன் டாங்கிகள். 'பன்ஸர் நாலு' என்ற வண்டியின் முன்னால் மகள் அப்படியே நின்றுவிட்டாள். தொடரின் நாயகி மிஹோவின் வண்டி அதுதான். கதையில் அது 'டி' மாடல். ஆரம்பத்தில் குட்டையான பீரங்கி இருக்கும். பிறகு பெண்களே தேடிப் பிடித்து நீளமான பீரங்கியை மாட்டுவார்கள். மியூசியத்தில் நிற்பதும் 'டி' மாடல்தான். அதற்கும் பிற்காலத்தில் நீளமான பீரங்கி மாட்டியிருக்கிறார்கள்! "கதைக்காக இஷ்டத்துக்குச் செஞ்சதுன்னு நினைச்சேன். நிஜத்துலயும் இருக்கும்மா" என்று குதித்தாள். படம் வரைந்தவர்கள் எவ்வளவு சிரத்தையாக வரைந்திருக்கிறார்கள் என்று எனக்கே ஆச்சரியம்தான்.

அடுத்தது 'டைகர் 131'. 1943 ஏப்ரலில் ஆப்பிரிக்காவின் துனீசியாவில் ஆங்கிலேயர் பிடித்த வண்டி. உலகத்தில் இன்றும் ஓடுகிற நிலையில் இருக்கும் டைகர் ஒன்று இதுதான். கதையில் மிஹோவின் அக்கா டைகரில்தான் வருவாள். டெலிவிஷனில் பார்க்கும்போது பெரிதாகத் தெரியாது. நேரில் 57 டன், மூன்று மீட்டர் உயரம். 88 மில்லிமீட்டர் பீரங்கிக்கு ஒரு குண்டு சுமார் 15 கிலோ. நம் வீட்டு காஸ் சிலிண்டர் நிறைந்திருக்கும்போது எவ்வளவு கனமோ, அதில் பாதி. அப்படி 92 குண்டுகள் உள்ளே. அதைத்தான் பள்ளிக்கூடப் பெண்கள் பூப்போலத் தூக்கிப் போடுகிறார்கள், கதையில்!

இந்த டைகரை அடித்ததும் சர்ச்சில் டாங்கிகள்தான். ஒரு குண்டு பீரங்கிக் குழலுக்கு அடியில் பட்டுத் தெறித்து, மேலே சுழலுகிற கூண்டைத் திரும்ப முடியாமல் இறுக்கிவிட்டது. உள்ளே இருந்தவர்கள் வண்டியை விட்டுவிட்டு ஓடிப்போனார்கள். மகள் அண்ணாந்து பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "இதுல வெள்ளைக் கொடி இல்லைம்மா."

நான் பதில் சொல்லவில்லை.

கடைசியாகப் பழைய டாங்கிகள் பக்கம் போனோம். டாங்கிகள் முதன்முதலில் யுத்தத்தில் இறங்கியது 1916 செப்டம்பர் 15-ஆம் தேதி, பிரான்ஸில். ரகசியம் வெளியே போகக் கூடாது என்று, தண்ணீர்த் தொட்டி செய்வதாகச் சொல்லி வைத்தார்களாம். 'டாங்க்' என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். அந்த வண்டியில் எட்டுப் பேர். நடுவிலேயே எஞ்சின், தடுப்புக்கூடக் கிடையாது. சூடு 50 டிகிரி வரை ஏறும். எஞ்சின் புகை உள்ளேயே சுற்றும். அதில் கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயு உண்டு. நிறமில்லை, வாசனையில்லை. தலைவலி, வாந்தி, பிறகு மயக்கம். ஆட்கள் சுருண்டு விழுந்திருக்கிறார்கள். (ஜன்னலைச் சாத்திய குளியலறையில் காஸ் கெய்ஸர் போட்டுக்கொள்கிற சகோதரிகளே, இதே வாயுதான் அங்கேயும். வெளிக்காற்று வர வழி வையுங்கள்.)

அந்தக் காலத்துச் சிப்பாய்கள் முகத்தில் மாட்டிக்கொண்ட கவசம் ஒன்று இருந்தது. கண்ணுக்கு மட்டும் பிளவு விட்ட தோல், வாய்க்குக் கீழே இரும்பு வளையங்களைக் கோத்த வலை தொங்குகிறது. வெளியே குண்டு பட்டால் உள்ளே இரும்புத் துணுக்குகள் தெறிக்குமாம். அதற்காக. மகள் அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள். துள்ளல் எல்லாம் அடங்கிவிட்டது. "புத்தி வரட்டும்" என்று அழைத்து வந்தவள் நான்தான். ஆனாலும் அந்த முகத்தைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இல்லை.

திரும்பி வருகிற ரயிலில் நானே கேட்டேன்: "அந்த மிஹோ பெண் கதை என்ன, சொல்லு."

சொன்னாள். மிஹோ டாங்கிக் கலையில் பேர்போன குடும்பத்துப் பெண். பழைய பள்ளிக்கூடத்தில் இருந்தபோது, இறுதிப் போட்டியில் அவள் தோழிகளின் டாங்கி ஒன்று ஆற்றுக்குள் சரிந்துவிட்டது. மிஹோ தன் வண்டியை அப்படியே விட்டுவிட்டு, தோழிகளைக் காப்பாற்ற ஓடினாள். அந்த நேரத்தில் அவள் வண்டி அடிபட்டு, பள்ளிக்கூடமே தோற்றது. பெற்ற தாய் கண்டித்தாள். பெண் மனம் உடைந்து, டாங்கியே வேண்டாமென்று வேறு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். தொடர் அங்கேதான் ஆரம்பமாம். "ஜெயிக்கிறது பெரிசா, கூட இருக்கிறவங்க பெரிசா? கதை பூரா அதுதாம்மா" என்றாள்.

அதே வண்டியில் ஹனா என்று இன்னொரு பெண். பூ அலங்காரத்துக்குப் பேர்போன வீடு. மகள் டாங்கி ஓட்டுகிறாள் என்று தெரிந்ததும் தாய் மயக்கம் போட்டு விழுந்து, பிறகு வீட்டு வாசலை மிதிக்காதே என்று சொல்லிவிட்டாள். ஒரு நாள் பூக் கண்காட்சியில் மகள் டாங்கி வடிவ ஜாடியில் வைத்த அலங்காரத்தைப் பார்த்துத்தான் அந்தத் தாய்க்கு மனசு இளகியதாம். இதைச் சொல்லிவிட்டு மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். யாருக்காகச் சொன்னாள் என்று எனக்குப் புரியாதா என்ன?

கதை நடக்கிற ஓரையி என்ற கடற்கரை ஊர் நிஜமாகவே இருக்கிறது. 2011 மார்ச்சில் வந்த சுனாமியில் அடிபட்ட ஊர். அடுத்த வருஷம் இந்தத் தொடர் வந்த பிறகு ரசிகர்கள் தேடி வந்தார்கள். கடைக்காரர்கள் வாசலில் அந்தப் பெண்களின் ஆளுயரப் படங்களை வைத்து வரவேற்றார்கள். ஒரு பொம்மைப் படத்தால் அடிபட்ட ஊருக்கு வியாபாரமும் தெம்பும் கிடைத்தது என்றால், நான் என்ன குறை சொல்வது?

ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாக அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் தொடரைப் பார்த்தேன். குண்டு வெடிக்கிற இடத்தில் எனக்கு அந்த வலைக்கவசம் ஞாபகம் வந்தது. மகளுக்கும் வந்திருக்க வேண்டும். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உங்கள் வீட்டுப் பெண் எதையோ பார்த்துக்கொண்டு சிரித்தால், சமையலறையிலிருந்து திட்டாதீர்கள். அடுப்பை அணைத்துவிட்டுப் போய் அரை மணி பக்கத்தில் உட்காருங்கள். தெரியாததை அவள் சொல்லட்டும். அவளுக்குத் தெரியாததை நீங்கள் காட்டுங்கள். நான் அதைக் கற்றுக்கொள்ள இங்கிலாந்து வரை போக வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்தச் செலவு வேண்டாம்!