ஊசியும் விரலும்

‘அக்கு’ என்பது ஊசியைக் குறிக்கும் லத்தீன் அடிச்சொல்; ஆகையால் ஊசியே இல்லாமல் விரலால் அமுக்கிச் செய்யும் வைத்தியத்தை அக்குபிரஷர் என்று அழைப்பது, நெய்யே சேராத பண்டத்துக்கு நெய்யப்பம் என்று பெயர் சூட்டியதற்கு ஒப்பாகும். இந்தக் குழப்பம் மேல்நாட்டார் செய்தது. சீனர்கள் ஊசி வைத்தியத்தை ‘ஜென்ஜியு’ என்பார்கள்; ஊசி குத்துவதும், மாசிப்பத்திரி இனத்து இலையைக் கொளுத்திச் சூடு காட்டுவதும் சேர்ந்தது அது. மற்றொன்று ‘அன்மோ’, அதாவது அமுக்கித் தேய்த்தல்.

இரண்டுக்கும் சித்தாந்தம் ஒன்றே: ‘சீ’ என்னும் பிராணசக்தி உடலில் குறிப்பிட்ட பாதைகளில் ஓடுகிறது, அது தடைப்படும்போது நோய் காண்கிறது என்பது. அந்தப் பாதைகளை எந்தச் சவப் பரிசோதனையும் கண்டதில்லை. ஆயினும் சீனர்கள் அவற்றை எத்தனை சிரத்தையோடு பயின்றார்கள் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. 1027ஆம் ஆண்டில், சோங் வம்சத்துச் சக்கரவர்த்தியின் ஆணைப்படி, வாங் வெய்யி என்ற வைத்தியர் ஆளுயர வெண்கலப் பிரதிமை வார்ப்பித்தார். அதன் மேனியெங்கும் வர்ம ஸ்தானங்களில் துளையிட்டு, உள்ளே நீர் நிரப்பி, வெளியே மெழுகு பூசி மறைத்து, மாணாக்கன் கையில் ஊசியைக் கொடுத்துப் பரீட்சை வைப்பார்களாம். சரியான இடத்தில் குத்தினால் நீர் கசியும். தவறினால் ஊசி உலோகத்தில் முட்டி நிற்கும்.

அந்தப் பிரதிமைக்குச் சங்கடமான செய்தி ஒன்று ஜெர்மனியிலிருந்து 2007இல் வந்தது. நாட்பட்ட இடுப்பு வலிக்காரர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சாஸ்திரப்படியும், இன்னொன்றுக்கு ஸ்தானம் அல்லாத இடங்களில் மேலாகவும் ஊசி குத்தி, மூன்றாவதற்கு வழக்கமான சிகிச்சை தந்து, ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, சுகம் கண்டவர்கள் முறையே 100க்குச் சுமார் 48, 44, 27 பேர். இடம் தவறிய ஊசியும் ஏறக்குறைய அதே பலனைத் தந்ததென்றால், நாம் பக்தியோடு பேசும் நுட்பத்தில் எவ்வளவு மெய், எவ்வளவு நம்பிக்கை என்று கேட்பது அபசாரமாகாது.

இருமுறைகளையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்க்க உகந்த இடம் மணிக்கட்டிலுள்ள ‘நெய்குவான்’. அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் குமட்டலுக்கு அதைத் தூண்டிய பரிசோதனைகளைத் தொகுத்தவர்கள், போலிச் சிகிச்சையைவிட அது பலன் தருகிறதென்றும், தோலைத் துளைக்கும் முறைக்கும் துளைக்காத முறைக்கும் தெளிவான வேற்றுமை தென்படவில்லையென்றும் கண்டார்கள். அப்படியிருக்க, தோலைத் துளைப்பானேன்? மார்பில் ஆழம் தவறிய ஊசி நுரையீரலைக் குத்திவிட்ட சம்பவங்கள் வைத்திய ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. சுத்தம் செய்யாத ஊசி மஞ்சட்காமாலைக் கிருமியையும் ஏற்றிவிடும். ஊசி கூடாதென்று நான் சொல்லவில்லை. விரலால் ஆகாதது தன்னால் ஆகும் என்று நிரூபிக்கும் பொறுப்பு ஊசிக்காரரைச் சேர்ந்தது என்றுதான் சொல்கிறேன்.

நெய்குவானைக் கண்டுபிடிக்க வெண்கலப் பிரதிமை வேண்டியதில்லை. உள்ளங்கையை மேலே திருப்பி, மணிக்கட்டு ரேகையின்மேல் மற்றக் கையின் மூன்று விரல்களைக் குறுக்காக வைத்தால், மூன்றாவது விரலை அடுத்து, இரண்டு தசைநாண்களுக்கு நடுவே சிறு பள்ளம் தட்டுப்படும். அளவுக்குரியவை நோயாளியின் விரல்களே, வைத்தியருடையவை அல்ல.