யாழ்ப்பாணம், கொழும்பைவிட எங்களுக்குக் கிட்ட

"ஊர் சரியான தூரம், இரண்டு கிழமை லீவில் போய்வரேலாது." ரொறன்ரோவில் வளர்ந்த எங்களில் பலர் இதைச் சொல்லியிருப்போம். பொறியியல் படித்த பழக்கத்தில் நான் அந்தத் தூரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

பியர்சன் விமான நிலையத்திலிருந்து கட்டுநாயக்காவுக்கு, பூமியின் வளைவோடு போகும் மிகக் குறுகிய பாதை ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். யாழ்ப்பாணம் பலாலிக்கு ஏறத்தாழ 13,700. வரைபடத்தில் கிழக்கே கோடு போட்டால் இது விளங்காது. உண்மையான குறுகிய பாதை வடக்கே கிரீன்லாந்துப் பக்கமாகப் போய்த்தான் தெற்கே இறங்குகிறது. அதனால் இலங்கையின் வட முனை எங்களுக்கு முதலில் வரும்.

மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்தில் பறந்தால் பலாலிக்கு 15 மணித்தியாலம் சொச்சம்தான். இதைவிடத் தூரமான நியூயோர்க்–சிங்கப்பூருக்கே நேரடி விமானம் ஓடுகிறது.

பிறகேன் ஒன்றரை நாள் ஆகிறது? டுபாய் வழியாகப் போனாலும் கூடுவது சில நூறு கிலோமீற்றர்தான். நேரம் போவது காத்திருப்பில். பிறகு கட்டுநாயக்காவில் இறங்கி, வானில் ஏறி, 350 கிலோமீற்றருக்கு மேல் திரும்ப வடக்கே வருகிறோம். அதாவது ஊரைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வருகிறோம்.

பலாலி 2019 ஒக்ரோபரில் சர்வதேச விமான நிலையமானது. சென்னைச் சேவை கொரோனாவால் 2020இல் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. பறக்க ஒன்றரை மணித்தியாலம்கூடப் பிடிக்காது. ஆனால் தனித்தனி ரிக்கற்றில் போய்ச் சென்னையில் பெட்டியை எடுத்து மாறுவதென்றால் இந்திய வீசா வேண்டும். 2023 செப்ரெம்பரில் இந்தியா கனடியர்களுக்கு வீசா வழங்குவதையே சில காலம் நிறுத்தியது. எங்கள் பயணத்தை நீட்டுவது பூமியை விட அரசாங்கங்கள்தான்.

"அப்படியென்றால் ஓடுபாதையை நீட்டிப் பெரிய விமானத்தை இறக்கலாமே" என்பீர்கள். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் பலாலியைச் சுற்றியுள்ள வலிகாமம் வடக்கு மக்கள் 1990இல் இடம்பெயர்க்கப்பட்டவர்கள். பலருக்குக் காணி இன்னும் திரும்பக் கிடைக்கவில்லை. வருடத்தில் இரண்டு கிழமை வரும் எனக்கு எட்டு மணித்தியாலம் மிச்சப்பட, இன்னொருவரின் வீட்டுக் காணி போகக்கூடாது. முதலில் காணி, பிறகு ஓடுபாதை.

அதுவரை எங்களால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஆட்கள் ஏறாத விமானச் சேவை நிலைக்காது. அடுத்தமுறை அம்மம்மாவைப் பார்க்க ரிக்கற் போடும்போது, பயண முகவரிடம் கொழும்பை மட்டும் கேட்காதீர்கள். பலாலிக்கு எவ்வளவு, எத்தனை மணித்தியாலம் என்றும் கேளுங்கள்.