அமெரிக்காவில் கம்பெனி ரூ.10 ஆயிரத்துக்கா? ஆரணி பட்டு வியாபாரி போட வேண்டிய முழுக் கணக்கு

ஆரணியில் தறியிலிருந்து காலையில் இறங்கிய பட்டுச் சேலை, சாயங்காலமே இன்ஸ்டாகிராமில் ஏறிவிடுகிறது. முந்திக்கு ஒரு போட்டோ, பார்டருக்கு ஒன்று, வெயிலில் ஜரிகை மின்னுவது போல ஒரு ரீல். கொஞ்ச நேரத்தில் நியூஜெர்சியிலிருந்தோ லண்டனிலிருந்தோ ‘பிரைஸ் ப்ளீஸ்’ என்று மெசேஜ் வருகிறது. பகலில் சென்னையில் ஐ.டி. வேலை, ராத்திரியில் அப்பா நெய்த சேலைகளுக்கு ஆன்லைன் கடை என்று இருக்கும் ஒரு நெசவுக் குடும்பத்துப் பிள்ளைக்கு இதுதான் நம்பிக்கை.

அடுத்து வருவது ஆசை. “அங்கேயே ஒரு கம்பெனி திறந்துட்டா என்ன?”

ஆசைக்குக் காரணம் இருக்கிறது. வாங்குபவர் கார்டில் பணம் கட்டப் பார்க்கிறார், போகவில்லை. உலகம் முழுக்கப் பயன்படும் ஸ்ட்ரைப் பேமென்ட் சேவை, 2024 மே முதல் இந்தியாவில் அழைப்பு கிடைத்தவர்களுக்கு மட்டும்தான் புதிய கணக்கு தருகிறது. அமெரிக்க முகவரி இருந்தால் வாடிக்கையாளர் நம்புவார், சேலையைத் திருப்பி அனுப்பவும் ஒரு இடம் இருக்கும் என்ற எண்ணம் வேறு. போனைத் திறந்தால் ‘வீட்டிலிருந்தே அமெரிக்க கம்பெனி’ என்று வீடியோக்கள் வரிசை கட்டி நிற்கின்றன.

அந்த வீடியோக்கள் சொல்வது பொய்யில்லை. பாதிக் கணக்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள், அதுதான் சிக்கல்.

திறக்க ஒரு விலை, வைத்திருக்க ஒரு விலை

அமெரிக்காவில் வெளிநாட்டினர் அதிகம் நாடும் மாநிலங்களில் ஒன்று டெலவேர். அங்கே எல்.எல்.சி. எனப்படும் சின்ன வகை கம்பெனியைப் பதிய அரசுக் கட்டணம் 110 டாலர். டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 9,900 ரூபாய். அமெரிக்கக் குடியுரிமை வேண்டாம், விசா வேண்டாம், நேரில் போகவும் வேண்டாம். வரி எண் வாங்க அமெரிக்க வருமான வரித்துறை ஒரு பைசா வாங்குவதில்லை. (இதற்கும் தனியாக ‘சர்வீஸ் சார்ஜ்’ வாங்கும் ஏஜென்ட்கள் இருக்கிறார்கள்.)

சேலை ஒன்றுகூட விற்காவிட்டாலும், ஒவ்வொரு ஆண்டும் ஜூன் 1-க்குள் டெலவேர் மாநிலத்துக்கு 300 டாலர் வரி கட்ட வேண்டும். பதிவுக் கட்டணத்தைவிட இது கிட்டத்தட்ட மூன்று மடங்கு. தவறினால் 200 டாலர் அபராதம், அதன்மேல் மாதம் 1.5 சதவீதம் வட்டி. அங்கே அரசுக் கடிதங்களை வாங்கிவைக்க பதிவு பெற்ற ஏஜென்ட் ஒருவர் கட்டாயம். அவருக்கும் வருடச் சந்தா.

இதற்குப் பிறகுதான் உண்மையான பொறி. வெளிநாட்டுக்காரர் ஒருவரே முழு உரிமையாளராக இருக்கும் எல்.எல்.சி., வரி கட்ட வேண்டியது இல்லை என்றாலும், ‘படிவம் 5472’ என்ற தகவல் அறிக்கையை அமெரிக்க வருமான வரித்துறைக்கு அனுப்ப வேண்டும். உரிமையாளருக்கும் கம்பெனிக்கும் இடையே நடந்த கொடுக்கல் வாங்கல் எல்லாம் அதில் வரும். தொடங்கும்போது நீங்கள் போட்ட முதலீடுகூட அதில் ஒரு கொடுக்கல் வாங்கல்தான். அதனால் ‘வியாபாரமே நடக்கலையே’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஆன்லைனில் தட்டிவிடவும் முடியாது. தபால் அல்லது ஃபாக்ஸ்! அனுப்பத் தவறினால் அபராதம் 25,000 டாலர். நம்ம கணக்கில் 22.5 லட்சம் ரூபாய்.

இதை ஆரணி பாஷைக்கு மாற்றிப் பார்ப்போம். மாநில வரி 300, ஏஜென்ட்டுக்கு 100, படிவத்தை நிரப்பித் தரும் அமெரிக்க ஆடிட்டருக்கு 500 டாலர் என்று வைத்தால் மொத்தம் 900 டாலர், அதாவது 81 ஆயிரம் ரூபாய். இங்கே இருக்கும் ஆடிட்டருக்கு ஒரு 20 ஆயிரம். ஆக, வருடத்துக்கு ஒரு லட்சம். ஒரு சேலையில் கையில் நிற்பது 2,500 ரூபாய் என்றால், 40 சேலை விற்ற லாபம் கம்பெனியை உயிரோடு வைத்திருக்கவே போய்விடும். ஒரு சேலை இறங்க ஒரு வாரம் என்று பார்த்தால், ஒண்ணுபுரத்திலோ தேவிகாபுரத்திலோ ஒரு தறியில் 40 வார வேலை அது. அபராதம் விழுந்தால்? 900 சேலை.

ஏஜென்ட், ஆடிட்டர் கட்டணங்கள் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் கூட்டிக் குறைத்துப் பார்த்தாலும், தொடக்கச் செலவுதான் எல்லாவற்றிலும் சின்னது என்பது மாறாது.

லண்டன், சிங்கப்பூர், துபாய்

பிரிட்டனில் கம்பெனி பதிவு ஒரு காலத்தில் மலிவுக்குப் பெயர் போனது. ஆன்லைனில் 12 பவுண்டுதான். 2024 மே மாதம் அது 50 பவுண்டு ஆனது. 2026 பிப்ரவரியில் 100. ஆண்டுதோறும் தரும் உறுதி அறிக்கைக்கும் 50 பவுண்டு. கம்பெனி தூங்கிக்கொண்டிருந்தாலும் கணக்கு தாக்கல் செய்தே ஆக வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் 150 பவுண்டு, ஆறு மாதம் தாண்டினால் 1,500. ‘சரி, விட்டுடலாம்’ என்று கண்டுகொள்ளாமல் இருந்தால் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கிவிடுவார்கள். அப்போது கம்பெனி வங்கிக் கணக்கில் பணம் மிச்சமிருந்தால் அது பிரிட்டிஷ் அரசுடைமை ஆகிவிடும்.

சிங்கப்பூரில் பெயருக்கு 15, பதிவுக்கு 300 சிங்கப்பூர் டாலர். செலவு அங்கே இல்லை. அந்நாட்டில் வசிக்கும் இயக்குநர் ஒருவராவது இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் கம்பெனி செயலாளரை நியமிக்க வேண்டும். அக்காவோ மாமாவோ அங்கே நிரந்தரக் குடியுரிமையோடு இருந்தால் சரி. இல்லையென்றால் வாடகைக்கு இயக்குநர் பிடிக்க வேண்டும், பட்ஜெட் அங்கேதான் கிழியும்.

துபாயில் ‘வரியே இல்லை’ என்பது பழைய கதை. 2023 ஜூன் முதல், 3.75 லட்சம் திர்ஹாமுக்கு மேற்பட்ட லாபத்துக்கு 9 சதவீத நிறுவன வரி வந்துவிட்டது.

பாதிச் செலவு இந்தியாவில்

வீடியோக்களில் வரவே வராத பகுதி இதுதான். கம்பெனி டெலவேரில் இருந்தாலும் முதலாளி ஆரணியில் இருக்கிறார். இந்தியாவில் வசிப்பவர் வெளிநாட்டில் பட்டியலிடப்படாத ஒரு கம்பெனியின் பங்கை எடுப்பது, அன்னியச் செலாவணி சட்டத்தின்படி ‘வெளிநாட்டு நேரடி முதலீடு’. 100 டாலர் போட்டாலும் அதேதான். 2022 ஆகஸ்ட் 22 அன்று அறிவிக்கப்பட்ட விதிகள் இதற்கு வழி தருகின்றன. ஒரு நிதியாண்டில் தனிநபருக்கு 2.5 லட்சம் டாலர் வரை அனுமதி. ஆனால் பணம் போகும் முன்பே வங்கி மூலம் படிவம் கொடுத்து, ரிசர்வ் வங்கியின் தனி அடையாள எண்ணை வாங்க வேண்டும். ‘ஏஜென்ட்டுக்கு கிரெடிட் கார்டுல கட்டிட்டேன், கம்பெனி வந்துடுச்சு’ என்று இருப்பவர், தெரியாமலே விதியை மீறியவராக நிற்கிறார்.

அதன் பிறகு ஒவ்வொரு டிசம்பர் 31-க்குள்ளும் கம்பெனியின் ஆண்டுச் செயல்பாட்டு அறிக்கையை வங்கி வழியாகத் தர வேண்டும். தாமதித்தால் ஓர் அறிக்கைக்கு 7,500 ரூபாய். அறிக்கை நிலுவையில் இருக்கும்வரை அந்தக் கம்பெனிக்கு மேற்கொண்டு பணம் அனுப்பவும் முடியாது.

அடுத்தது வருமான வரி ரிட்டர்ன். சம்பளக்காரர்கள் வழக்கமாகப் போடும் ஐ.டி.ஆர்.-1 இனி செல்லாது. வெளிநாட்டுச் சொத்து விவரம் கேட்கும் பகுதி உள்ள படிவத்தைத்தான் போட வேண்டும். அந்தப் பகுதியை நிரப்பாமல் விட்டால், 2015-ம் ஆண்டு கருப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதத்துக்கு இடமுண்டு. அசையா சொத்து தவிர மற்ற வெளிநாட்டுச் சொத்துகளின் மொத்த மதிப்பு 20 லட்சத்தைத் தாண்டாவிட்டால் இந்த அபராதம் இல்லை என்று 2024 அக்டோபர் முதல் சலுகை உண்டு. சின்ன வியாபாரிக்கு இது நிம்மதி. அதற்காக விவரத்தைச் சொல்லும் கடமை போய்விடவில்லை.

‘அமெரிக்காவுல வரி கிடையாது’ என்று சொல்வதை ‘இந்தியாவிலும் கிடையாது’ என்று கேட்டுக்கொள்வது இன்னொரு தப்பு. லாபம் கையில் வரும்போது இங்கே வரி உண்டு. முதலீடாக ஆண்டுக்கு 10 லட்சத்துக்கு மேல் அனுப்பினால், மேற்பட்ட தொகைக்கு 20 சதவீதத்தை வங்கி முன்கூட்டியே பிடித்துவிடும். அது பின்னால் வரிக்கணக்கில் கழியும். ஆனால் தீபாவளி சீசனுக்குப் பட்டு நூலும் ஜரிகையும் வாங்க வைத்திருந்த பணம் அதுவரை முடங்கிக் கிடக்கும்.

உண்மையில் கம்பெனி எதற்கு?

பெரிய நிறுவனங்களுக்கு இந்தச் செலவு நியாயமானது. சென்னையில் வளர்ந்த ஃப்ரெஷ்ஒர்க்ஸ், 2010-லேயே டெலவேரில் பதிவான நிறுவனம். 2021 செப்டம்பரில் நாஸ்டாக் பங்குச்சந்தைக்குப் போனது. அமெரிக்க முதலீடு, அமெரிக்க வாடிக்கையாளர் என்று இருக்கும் மென்பொருள் தொழிலுக்கு அந்த முகவரியால் பயன் உண்டு. அங்கேயும் திரும்பி வருவது சும்மா இல்லை. சிங்கப்பூரிலிருந்து தலைமையகத்தை 2022-ல் இந்தியாவுக்கு மாற்றிய போன்பே நிறுவனத்தின் முதலீட்டாளர்கள் கட்டிய வரி சுமார் 8,000 கோடி ரூபாய்.

மாதம் பத்து, இருபது சேலை அனுப்புகிறவருக்கு நிலைமை வேறு. முதலில், சுங்க வரி சேலை எங்கே நெய்யப்பட்டது என்பதைப் பார்த்து விழுகிறது. விற்பவர் கம்பெனி எங்கே பதிவானது என்பதைப் பார்த்து அல்ல. 800 டாலருக்குள் வரும் பார்சல்களுக்கு இருந்த வரிவிலக்கை 2025 ஆகஸ்ட் 29 அன்று அமெரிக்கா எடுத்துவிட்டது. டெலவேர் கம்பெனி வைத்திருப்பதால் ஆரணிப் பட்டு அமெரிக்கப் பட்டாகிவிடாது.

‘பிராண்ட் பெயரைக் காப்பாத்த கம்பெனி வேணும்’ என்பதும் சரியில்லை. வர்த்தக முத்திரைக்கான மாட்ரிட் உடன்படிக்கையில் இந்தியா 2013-லேயே சேர்ந்துவிட்டது. இங்கிருந்தே விண்ணப்பித்துப் பிற நாடுகளில் முத்திரை பதியலாம். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது.

பணம் வாங்குவதற்கும் வழி உண்டு. எல்லை தாண்டிய பணப் பரிமாற்ற நிறுவனங்களுக்கு 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி தனி விதிமுறை கொண்டுவந்தது. இந்திய நிறுவனங்கள் வழியாகவே வெளிநாட்டு கார்டுகளில் பணம் பெற முடிகிறது. ஏற்றுமதிக்கு பேபாலும் வேலை செய்கிறது. கமிஷன் கொஞ்சம் கடிக்கும். ஆனால் அது விற்றால்தான் கட்ட வேண்டிய கமிஷன். விற்காத மாதத்தில் பூஜ்யம்.

ஏற்றுமதி–இறக்குமதி குறியீட்டு எண்ணுக்குக் கட்டணம் 500 ரூபாய். ஜி.எஸ்.டி. கட்டாமல் ஏற்றுமதி செய்ய உறுதிக் கடிதம் ஆண்டுக்கு ஒருமுறை ஆன்லைனில் தந்தால் போதும். அஞ்சல் துறையின் ‘டாக் கர் நிர்யாத் கேந்திரா’ மையங்கள் சின்ன ஏற்றுமதியாளர்களுக்காகவே தொடங்கப்பட்டவை. வெளிநாட்டில் சரக்கை இருப்பு வைக்கும் அளவு ஆர்டர் வந்தால், அங்கே கூட்டாளி கிடைத்தால், கடை எடுக்கும் எண்ணம் வந்தால், அப்போது கம்பெனிக் கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கலாம்.

தவறு ஆசைப்படுகிற இளைஞர்கள் மீது இல்லை. கம்பெனி பதிந்து தரும் ஏஜென்ட்கள், முதல் வருடக் கட்டணத்தைக் கொட்டை எழுத்தில் போடுகிற அதே இடத்தில் இரண்டாம் வருடச் செலவையும் இந்திய விதிகளையும் போட வேண்டும் என்று ஒரு கட்டாயம் வர வேண்டும். ரிசர்வ் வங்கி விதிகள் இணையத்தில் இருக்கின்றன, சட்ட ஆங்கிலத்தில். தமிழில் இரண்டு பக்கத்தில் எழுதித் தருவது அப்படி ஒன்றும் முடியாத வேலை இல்லை. திருவண்ணாமலை மாவட்டத் தொழில் மையமும் கைத்தறித் துறையும் சேர்ந்து, ஆரணியிலேயே மாதம் ஒரு நாள் ஏற்றுமதி ஆலோசனைக்கு ஒரு மேஜை போட்டால், 40 சேலை லாபத்தை டெலவேருக்குக் கட்டும் வீடுகள் குறையும்.

ஏற்கெனவே திறந்துவிட்டவர்கள் பயந்து ஓட வேண்டாம். முதலில், ரிசர்வ் வங்கி அடையாள எண் இருக்கிறதா என்று தங்கள் வங்கியில் கேட்க வேண்டும். விடுபட்ட அறிக்கைகளை, கெடு முடிந்து 3 ஆண்டுகளுக்குள் தாமதக் கட்டணம் கட்டித் தாக்கல் செய்ய விதியில் இடம் இருக்கிறது. படிவம் 5472 விடுபட்டிருந்தால் அமெரிக்க வரி தெரிந்த ஆடிட்டரை உடனே பார்ப்பது நல்லது. மூடுவதாக முடிவு செய்தால், டெலவேரில் வரி பாக்கி முழுவதையும் கட்டிய பிறகுதான் ரத்துச் சான்று கிடைக்கும். ஆண்டு மாறினால் புதிய ஆண்டுக்கான 300 டாலரும் சேர்ந்துகொள்ளும் என்பதால், மூடுகிறவர்கள் டிசம்பருக்குள் முடித்துக்கொள்வது நல்லது.