அடுக்களைப் புகை

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வு எழுதிய எல்லோருக்கும் அந்தக் கட்டம் தெரியும். கட்டுரைக்கு எட்டு மதிப்பெண். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, 'குறிப்புச் சட்டகம்' என்று தலைப்பிட்டு, முன்னுரை, நாலு உட்தலைப்புகள், முடிவுரை என்று அதற்குள் வரிசையாக எழுத வேண்டும். தலைப்புகளுக்குக் கறுப்பு மை, உரைக்கு நீல மை. இடையில் இரண்டு மேற்கோள், அவற்றின் அடியில் கோடு. இதெல்லாம் ஒழுங்காக இருந்தால் மதிப்பெண் பெரும்பாலும் வந்துவிடும். உள்ளே என்ன சொல்லியிருக்கிறாய் என்ற கேள்வி கடைசியில்தான் வரும், வந்தால்.

முடிச்சூரில் கல்லூரி மாணவிகள் சிலருக்கும், படிப்பை நிறுத்திப் பல வருடம் கழித்து எழுத உட்கார்ந்திருக்கும் பெண்கள் சிலருக்கும் கட்டுரை எழுதக் கற்றுத்தருகிறேன். எந்தப் பொருளைக் கொடுத்தாலும் அவர்கள் கை முதலில் போடுவது அந்தக் கட்டத்தைத்தான். அதை அழிக்கச் சொல்வதுதான் என் முதல் வேலை. ஏதோ புதுமைக்காக அழிக்கச் சொல்லவில்லை. பெண்களை வாதிடவிடாமல் வளர்க்கிற கட்டம் அது என்பது என் குற்றச்சாட்டு.

'பெண்கல்வி' என்ற தலைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னுரை, அன்றைய பெண்கள், கல்வியின் இன்றியமையாமை, சாதனைப் பெண்கள், முடிவுரை. இந்த வரிசையில் எங்கேயாவது பெண்கல்வியை மறுக்கும் ஆள் இருக்கிறாரா? வீட்டில் இருக்கிறார். "டிகிரியை அப்புறம் கரஸ்ல முடிச்சுக்கலாம், இந்த வரன் போனா திரும்ப வராது" என்று சொல்லும் சித்தப்பா இருக்கிறார். அவர் சொல்வதற்குப் பின்னால் கணக்கு இருக்கிறது, பயம் இருக்கிறது, சாதி இருக்கிறது. அவர் பேச்சுக்குத் தேர்வுத்தாளில் இடமில்லை. எதிராளியை வெளியே நிறுத்திவிட்டுப் பெண்கல்வியின் பெருமையை நாலு பக்கம் பாடிய பெண், மறுநாள் அதே சித்தப்பாவின் முன் வாயடைத்து நிற்கிறாள். அவளுக்குப் புகழ மட்டும்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மறுப்புக்குப் பதில் சொல்ல யாரும் சொல்லித்தரவில்லை.

உட்தலைப்புகளைப் பாருங்கள். எல்லாம் பெயர்ச்சொற்கள். 'சாதனைப் பெண்கள்' என்பதை யாராலும் மறுக்க முடியாது, ஏனென்றால் அது எதையும் சொல்லவில்லை. பயனிலை வந்தால்தான் ஒரு கூற்று உண்டாகும். கூற்று உண்டானால்தான் 'இல்லை' என்று ஒருவர் சொல்ல முடியும். அதனால் எங்கள் கூட்டத்தில் கட்டுரைத் திட்டம் எழுதுகிறவர்கள் ஒவ்வொரு வரியையும் முழு வாக்கியமாக எழுத வேண்டும். எழுதிய வரியை ஊரில் மறுக்கக்கூடிய ஒரு ஆளைச் சொல்ல முடியாவிட்டால் அந்த வரியை அடிக்க வேண்டும். பாதிப் பக்கம் காலியாகிவிடும். பரவாயில்லை, மிச்சமிருப்பதுதான் கட்டுரை.

(பட்டிமன்றம் இருக்கிறதே என்று யாராவது கேட்பார்கள். இருக்கிறது. குடும்ப மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா மனைவியா என்று இரண்டு அணி பிரிந்து, இரண்டு அணியும் மனைவியைப் பற்றி ஜோக் சொல்லி, நடுவர் இரு பக்கமும் சரி என்று தீர்ப்பளிக்கும் பொங்கல் நிகழ்ச்சி அது.)

வாதம் என்பது மேற்கிலிருந்து இறக்குமதியான ஆண் சங்கதி, பெண்ணின் எழுத்து உடைந்து, சிதறி, வழிந்து வர வேண்டும் என்று நம் தோழிகளிலேயே சிலர் சொல்கிறார்கள். அவர்களோடு எனக்கு நீண்ட சண்டை. ஒழுங்குபடுத்திச் சொல் என்று மிரட்டியே பெண்களின் வாயை அடைத்த வரலாறு உண்மைதான். ஆனால் வாதத்தை ஆண்களுக்கு எழுதிக்கொடுப்பதற்கு முன் மணிமேகலையை ஒருமுறை திறந்து பார்க்கலாம். வஞ்சி மாநகரத்தில் சமயவாதிகள் ஒவ்வொருவரிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறவள் ஒரு கணிகையின் மகள். அதற்காக அவள் மாதவனாக, அதாவது ஆண் துறவியாக, உருமாற வேண்டியிருந்தது. அந்த மாறுவேடத்துக்கு உள்ள காரணத்தை நம் வாசகிகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பிறகு காஞ்சியில் அவள் தன் சொந்த உருவத்தில் இருக்கும்போது, அறவண அடிகள் அவளுக்கு அளவையியல் கற்பிக்கிறார். ஒரு வாதத்துக்கு ஐந்து உறுப்பு: பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம்.

அங்கே வரும் எடுத்துக்காட்டு இதுதான். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம், நிறுவ வேண்டிய கூற்று. புகை இருப்பதால் என்பது ஏது, அதற்கான காரணம். அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம். அந்த மலையிலும் புகை இருக்கிறது என்பது உபநயம். ஆகவே நெருப்பு உண்டு என்று முடிப்பது நிகமனம். பாடம் சொன்னவர் துறவி, எழுதியவர் சாத்தனார். ஆனாலும் எவரும் மறுக்க முடியாத சான்று வேண்டியபோது கைக்குக் கிடைத்தது அடுக்களை. புகை எங்கேயோ நெருப்பும் அங்கே என்று தினமும் பார்த்துத் தெரிந்தவள் அங்கே நிற்கிறாள். நம் அறிவு மற்றவர்களின் வாதத்துக்குச் சான்றாகப் பயன்பட்டுக்கொண்டே இருக்கிறது. அதை நம் வாதத்துக்கு நாமே பயன்படுத்துவதில் என்ன தடை?

ஒரு மாணவியின் கட்டுரை வளர்ந்த விதத்தைச் சொல்கிறேன். 2015 வெள்ளத்தின்போது அவள் சின்னப் பெண். முடிச்சூரும் வரதராஜபுரமும் நவம்பர் நடுவில் ஒருமுறை, டிசம்பர் தொடக்கத்தில் மறுபடி ஒருமுறை மூழ்கின. தெருவில் படகு ஓடியது. தண்ணீர் வடிந்தபின் வீட்டுக்குள் படிந்திருந்த சேற்றை அவளுடைய அம்மா இரண்டு முறை வாரினாள். 'வெள்ளத்தில் பெண்கள்' என்று தலைப்பு போட்டு அவள் எழுதி வந்த முதல் பிரதியில் அம்மாவின் கை இருந்தது, நாற்றம் இருந்தது, நனைந்த பள்ளிச் சான்றிதழ் இருந்தது. படித்தவர்கள் அழுதோம். மறுக்க ஆள் இல்லை. 'யாரிடம் எதைக் கேட்கிறாய்?' என்று கேட்டதற்கு அவளிடம் பதிலும் இல்லை.

இரண்டாம் பிரதியில் கோபம் வந்திருந்தது. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டு எங்களை மூழ்கடித்தார்கள் என்று ஆரம்பித்தது. சென்னையில் எல்லோரும் சொல்வது அது. ஆனால் செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் கலப்பது திருநீர்மலை அருகே. முடிச்சூர் அதற்கு முன்பே, ஆற்றின் மேல்பகுதியில் இருக்கிறது. எங்களை மூழ்கடித்தது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வந்த தண்ணீரும், அதற்குப் போக வழியில்லாமல் கட்டப்பட்டிருந்த வீடுகளும். செம்பரம்பாக்கத்தின் பெரிய திறப்பு டிசம்பர் 1 அன்று. எங்கள் முதல் வெள்ளம் அதற்கு இரண்டு வாரம் முன்பே வந்துவிட்டது. அடிகளின் பாடத்தில் இதற்கும் இடமுண்டு: ஏது பக்கத்திலேயே இருக்க வேண்டும். புகை இந்த மலையில் எழ வேண்டும். பக்கத்து மலையில் எழும் புகையைக் காட்டி இங்கே நெருப்பு என்று சொன்னால், வரைபடம் பார்க்கத் தெரிந்த ஒரு குமாஸ்தா ஒரே வரியில் கட்டுரையைத் தள்ளிவிடுவார். பெண்களுக்கு இரண்டாவது வாய்ப்பு தருவதில்லை என்பதால் இந்த இடத்தில் நான் கொஞ்சம் கொடுமைக்காரி.

மூன்றாம் பிரதியில்தான் கூற்று பிறந்தது. வீட்டுக்குள் படிந்த சேற்றை அகற்றிய உழைப்பை வெள்ள நிவாரணக் கணக்கில் சேர்க்க வேண்டும். பக்கம். அந்த உழைப்பு வெள்ளத்தால் மட்டுமே வந்தது, அதைச் செய்யாமல் அந்த இடத்தில் வாழ்க்கை மறுபடி தொடங்காது. ஏது. திட்டாந்தத்துக்கு அவள் தேடிப்போனது மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் விதிமுறைப் பட்டியல். 2015 முதல் 2020 வரைக்கான பட்டியலில் ஒரு வரிசை இருக்கிறது: சிறு, குறு விவசாயியின் வயலில் 3 அங்குலத்துக்கு மேல் மணலோ வண்டலோ படிந்தால், அதை அகற்ற ஹெக்டேருக்கு 12,200 ரூபாய். பொது இடத்தில் குப்பை இடிபாடு அகற்றவும் வரிசை உண்டு. வீட்டுக்குள் படிந்த வண்டலுக்கு இல்லை. ஒரே ஆறு, ஒரே மண். வயலில் கிடந்தால் அதை எடுப்பது செலவு, அடுக்களையில் கிடந்தால் அதை எடுப்பது பெண்ணின் குணம். உபநயத்தை அவள் இப்படித்தான் எழுதினாள், நான் ஒரு எழுத்தும் திருத்தவில்லை.

எதிர்மறைச் சான்றும் வேண்டும் என்கிறது அந்தப் பாடம்: நெருப்பில்லாத இடத்தில் புகை இல்லை, தண்ணீரில் போல. வெள்ளம் வராவிட்டாலும் தினமும் வீடு பெருக்குகிறோம். அதை இந்தக் கணக்கில் கேட்கவில்லை என்று அவள் பிரித்துக் காட்டினாள். உடனே கூட்டத்தில் ஒரு அக்கா கொதித்தார். "தினம் பெருக்குறதை மட்டும் எதுக்கு விட்டுக்கொடுக்கணும்?" விட்டுக்கொடுக்க வேண்டாம்; அது வேறு கட்டுரை. அதையும் இதில் திணித்தால் நிவாரண அதிகாரி இரண்டையும் சேர்த்துச் சிரித்துத் தள்ளுவார். எதை இந்தக் கட்டுரையில் சொல்வதில்லை என்று முடிவு செய்வது திட்டத்தில் பாதி. அந்த அக்காவுக்கு இன்னும் சமாதானமில்லை. அவர் தன் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கிறார்.

பிறகு மறுப்புகள். அவற்றை எளியதாக எழுதி எளிதாக உடைப்பது ஏமாற்று. எதிராளி தானே படித்துவிட்டு 'ஆமாம், நான் சொல்வது இதுதான்' என்று ஒத்துக்கொள்ளும்படி எழுத வேண்டும். வயல் பிழைப்பு, வீடு பிழைப்பில்லை என்பார்கள். தண்ணீர் புகுந்த குடும்பத்துக்கு அப்போதே 5,000 ரூபாய் கொடுத்தாயிற்று என்பார்கள். வீட்டுவேலையை எப்படி அளப்பது என்பார்கள். மூன்றிலும் கனமானது கடைசிதான், அதற்குத்தான் அதிக இடம். 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு அளந்திருக்கிறது: சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது சராசரி 299 நிமிடம், ஆண் 97. சாலை விபத்தில் இறந்த இல்லத்தரசிக்கு இழப்பீடு கணக்கிட, நீதிமன்றங்கள் அவள் உழைப்புக்குப் பணமதிப்பு போடுகின்றன. 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகவே பேசியது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கணவன் பெயரில் வாங்கிய சொத்தில் மனைவியின் வீட்டுழைப்புக்கும் பங்குண்டு என்று தீர்ப்பளித்தது. செத்தால் அளக்க முடிகிறது, சொத்து வழக்கில் அளக்க முடிகிறது, சேற்றில் மட்டும் முடியவில்லையா?

அம்மாவின் கை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அழிக்கவில்லை. தொடக்கத்திலிருந்து எடுத்து இங்கே, அளக்க முடியாது என்ற மறுப்புக்குக் கீழே வைத்தோம். தொடக்கத்தில் அது இரக்கத்தைத்தான் கேட்டது. இங்கே வந்ததும் எத்தனை நாள், எத்தனை வாளி, எத்தனை நாள் கூலி போனது என்று எண்களாக மாறிச் சான்றானது.

வரிசையின் பலத்தை நம் ஊர்ச் சரித்திரத்திலேயே காட்டலாம். முத்துலட்சுமி ரெட்டி என்றதும் மேடைகளில் சத்தியமூர்த்திக்கு அவர் கொடுத்ததாகச் சொல்லப்படும் பதிலடியைத்தான் கைதட்டலுக்காகச் சொல்கிறார்கள். அவர் தன் வாதத்தை அடுக்கிய விதத்தை யாரும் சொல்வதில்லை. 1927 நவம்பரில் சென்னைச் சட்டமன்றத்தில் பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிராகத் தீர்மானம். உடனே எழுந்த கனமான கேள்வி: கோயில் ஊழியத்தை விட்டால் மானிய நிலம் போய்விடுமே, எதைச் சாப்பிடுவார்கள்? தேவதாசிகளே சங்கமாகக் கூடி எதிர்மனு கொடுத்தார்கள். இந்த உண்மையை மறைக்கிற பெண்ணியக் கட்டுரை எதுவும் நம்பத்தகுந்ததல்ல. 1929 சட்டத் திருத்தம் அந்தக் கேள்விக்குத்தான் முதலில் பதில் சொன்னது: ஊழியம் செய்யாமலே நிலம் அவர்களிடமே இருக்கும். முழுத் தடைக்கான மசோதா அதன் பிறகு, 1930இல். அது சட்டமாக 1947 வரை ஆனது, அதற்குள் அவர் அவையை விட்டு விலகி வெகுகாலம் ஆகியிருந்தது. ஆனால் 'சோற்றுக்கு என்ன வழி' என்ற மறுப்பின் பல்லை அவர் முன்பே பிடுங்கியிருந்தார்.

இலக்கிய உலகம் நம்மிடம் கேட்பது அனுபவம், வலி, கண்ணீர். கொடுத்தால் பாராட்டுகிறது, ஏனென்றால் அவற்றுக்குப் பதில் சொல்லும் கடமை அதற்கு வராது. 'நெஞ்சை உலுக்குகிறது' என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். ஒரு பெண் காரணமும் சான்றும் வைத்து ஒன்றைக் கேட்டால், கேட்கப்பட்டவர் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லியாக வேண்டும். அந்தச் சங்கடத்தை உண்டாக்கத்தான் திட்டம்.

மாணவியின் கட்டுரையில் முடிவுரை இல்லை. கடைசிப் பத்தி ஒரு கோரிக்கை. 2022 முதல் 2026 வரைக்கான பட்டியலிலும் வயல் வண்டலுக்கான வரிசை இருக்கிறது, தொகை 18,000 ஆக ஏறியிருக்கிறது. அந்த வரிசைக்கு அடியில் இன்னொரு வரிசை: குடியிருப்புக்குள் படிந்த வண்டலை அகற்றுதல், வீடு ஒன்றுக்கு, அகற்றியவர் பெயரில். தொகைக்கான கட்டத்தை அவள் காலியாக விட்டிருக்கிறாள்.